தம் கட்டிப் பேசும் குரல்

கேள்வி: வாடிக்கையாளர் சேவை மையத்தில் நாள் முழுவதும் தொலைபேசியில் பேசும் வேலை எனக்கு. வயது 36. ஐந்து மாதங்களுக்கு முன் காய்ச்சலும் இருமலும் வந்து குரல் அடைத்துவிட்டது. காய்ச்சல் போன பிறகும் குரல் பழையபடி திரும்பவில்லை. காலையில் ஓரளவு நன்றாக இருக்கும். மதியத்துக்குள் கம்மிப்போய், கழுத்தை யாரோ பிடித்திருப்பது போல வலிக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா விட்டுப் பார்த்தார். கட்டி இல்லை, நரம்பிலும் பழுதில்லை, தசை இறுக்கத்தால் வரும் குரல் கோளாறு என்றார். பேச்சு சிகிச்சையாளரைப் பார்க்க ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டாமென்று, இணையத்தில் பார்த்த 'குரலை வலுப்படுத்தும்' பயிற்சிகளைத் தினமும் முக்கால் மணி நேரம் செய்கிறேன். வீட்டில் குரலுக்கு ஓய்வு கொடுக்கக் கிசுகிசுத்தே பேசுகிறேன். நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. சிரிக்கும்போது மட்டும் குரல் தெளிவாக வருகிறது. அதைக் கேட்டுவிட்டு, "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்கிறார் கணவர். நான் எந்தப் பயிற்சியை, எத்தனை முறை செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்த முக்கால் மணி நேரத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். கிசுகிசுப்பதையும் நிறுத்துங்கள். பயிற்சி கேட்டு எழுதியவரிடம் எடுத்த எடுப்பில் இப்படிச் சொல்வது மரியாதையாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் மோசமானதற்கு இவை இரண்டும்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்கு வருகிறேன்.

பக்கத்தில் கனமான நாற்காலி இருந்தால் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். தூக்கும் கணத்தில் மூச்சு தானாக நின்றுவிடும். தொண்டைக்குள் ஏதோ ஒன்று மூடிக்கொள்ளும். குரல்வளைக்கு இயற்கை கொடுத்த முதல் வேலை இந்தக் காவல் வேலைதான். விழுங்கும்போது சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்காமல் தடுக்க வேண்டும். பாரம் தூக்கும்போது காற்றை நெஞ்சுக்குள் பூட்டிவைக்க வேண்டும். அதற்காகக் குரல் நாண்கள் இறுக மூடும். அவற்றுக்கு மேலே போலிக் குரல் நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் உண்டு. அவையும் துணைக்கு வந்து நெருக்கும். குரல்வளை முழுவதும் கழுத்தில் சற்று மேலே ஏறும். 'தம் கட்டுவது' என்று நாம் சொல்வது இதைத்தான்.

பேசுவதற்கு இதற்கு நேர்மாறான நிலை வேண்டும். நாண்கள் மெல்ல ஒட்டி நிற்க, கீழிருந்து வரும் காற்று அவற்றை அதிரவைக்க வேண்டும். பெண்களின் பேச்சுக் குரலில் இந்த அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 200 முறை நிகழ்கிறது. இடைவிடாமல் ஒரு நிமிடம் ஒலி எழுப்பினால் 12,000 முறை. இவ்வளவு வேகமாகவும் நுட்பமாகவும் அதிர வேண்டிய ஒன்றைப் பூட்டி வைத்துக்கொண்டு பேச முயன்றால் என்ன ஆகும்? குரல் வராது. வராததால் இன்னும் தள்ளுவோம். தள்ளத் தள்ளப் பூட்டு இறுகும். மதியத்துக்குள் உங்கள் கழுத்து வலிப்பது இந்த மல்லுக்கட்டில்தான்.

இது எப்படித் தொடங்கியிருக்கும் என்பதையும் ஊகிக்க முடிகிறது. காய்ச்சலின்போது நாண்கள் வீங்கியிருந்தன. குரல் எழுப்பக் கூடுதல் பலம் தேவைப்பட்டது. போதுமான விடுப்பு எடுக்காமல் நீங்கள் பேசியிருப்பீர்கள். வீக்கம் வடிந்துவிட்டது, பலம் போடும் பழக்கம் தங்கிவிட்டது. கணுக்கால் சுளுக்கியவர் சுளுக்கு போன பின்னும் கொஞ்ச நாள் நொண்டுகிறார் அல்லவா, அதைப் போல. மருத்துவர்கள் இதை 'மசில் டென்ஷன் டிஸ்போனியா' என்பார்கள். அதாவது உங்கள் குரல் பலவீனமாக இல்லை. அளவுக்கு மீறி உழைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் போய் 'வலுப்படுத்தினால்' ஏற்கெனவே இறுகிய கையை இன்னும் முஷ்டி பிடிக்கச் சொன்னது போலத்தான்.

உங்கள் கணவர் சரியான சாட்சியத்தைக் கண்டுபிடித்துவிட்டுத் தவறான தீர்ப்பை எழுதியிருக்கிறார். சிரிப்பில் குரல் தெளிவாக வருவது பேச்சு சிகிச்சையாளர்களான எங்களுக்கு மிக நல்ல அடையாளம். முதல் நாள் வருபவர்களை நாங்கள் வேண்டுமென்றே சிரிக்கவும் இருமவும் கொட்டாவி விடவும் வைத்துப் பார்க்கிறோம். அப்போது குரல் வந்தால், கருவி பழுதில்லை, பேச்சு என்று வந்தவுடன் ஏறிக்கொள்ளும் பழக்கம்தான் தடுக்கிறது என்று பொருள். நீங்கள் நடிக்கவில்லை. மன இறுக்கத்துக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கோபத்தில் திட்டும் ஆளிடம் நாள் முழுவதும் பணிவாகப் பேச வேண்டிய வேலை உங்களுடையது. தொண்டை அந்தச் சுமையையும் நாற்காலியைத் தூக்குவது போலவே தூக்குகிறது. வேலையிலோ வீட்டிலோ தாங்க முடியாதது ஏதாவது இருந்தால் சிகிச்சையாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

கிசுகிசுப்பு ஓய்வு என்பது எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. நாண்கள் அதில் முறையாக அதிர்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒலியில்லாமல் அடுத்தவருக்குக் கேட்கும்படி பேச வேண்டுமென்றால் பலர் மேலே உள்ள மடிப்புகளை இன்னும் நெருக்குகிறார்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நோயும் அதேதான். வீட்டில் மெதுவான, கொஞ்சம் காற்றுக் கலந்த குரலில், ஒரு கை தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவு பேசுங்கள். அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடாமல் எழுந்து போய்ப் பேசுங்கள். நாள் கணக்கில் மௌன விரதம் உங்களுக்குத் தேவையில்லை.

இப்போது பயிற்சி. ஆறு வாரத்துக்கு இரண்டே இரண்டு தருகிறேன். பத்துப் பயிற்சிகளை அரைகுறையாகச் செய்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரே அமர்வில் ஏழு பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அடுத்த வாரம் வந்தவருக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை.

முதலாவது, தண்ணீருக்குள் ஸ்ட்ரா. ஒரு தம்ளரில் பாதி அளவு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சற்று அகலமான ஸ்ட்ரா நல்லது. அதன் நுனி தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். ஆழம் கூடினால் எதிர் அழுத்தமும் கூடும். தள்ளுவதே பழக்கமான உங்களுக்கு அது இப்போது வேண்டாம். தம்ளரை முகத்தின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தம்ளரை நோக்கிக் குனிந்தால் கழுத்து முன்னால் நீளும், அதுவே பாதிப் பயிற்சியைக் கெடுத்துவிடும். உதடுகள் ஸ்ட்ராவைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் மூடியிருக்கட்டும். பற்கள் கடிக்க வேண்டாம். கன்னங்கள் தொளதொளவென்று இருக்கட்டும்.

முதலில் குரலே இல்லாமல் வெறும் காற்றை ஊதுங்கள். குமிழிகள் சீராக வரட்டும். மூன்று நான்கு முறை இதை மட்டும் செய்யுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதவர்களுக்குத்தான் அடுத்தது சுலபமாக வருகிறது. பிறகு, அதே காற்றோட்டத்தின் மேல் 'ஊ' என்ற ஒலியை ஏற்றுங்கள். குரலை எழுப்புகிறோம் என்ற எண்ணமே வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் காகிதக் கப்பலை வைப்பது போல வையுங்கள். ஐந்து முதல் எட்டு நொடி போதும். மூச்சின் கடைசிச் சொட்டு வரை இழுக்காதீர்கள். அந்தக் கடைசிச் சொட்டில்தான் தம் கட்டுதல் திரும்ப நுழைகிறது.

உள்ளே நடப்பது இதுதான். வாய்ப்பக்கம் வழி குறுகியிருப்பதால் காற்றின் அழுத்தத்தில் ஒரு பகுதி திரும்பி வந்து நாண்களுக்கு மேலே தேங்குகிறது. அது நாண்களை ஒன்றோடொன்று அறைந்துகொள்ளாதபடி லேசாக விலக்கிப் பிடிக்கிறது. கொஞ்சம் காற்றிலேயே அவை அதிரத் தொடங்குகின்றன. பின்லாந்தில் 1960களில் ஆன்ட்டி சோவியார்வி என்ற ஒலியியல் அறிஞர் கண்ணாடிக் குழாய்களை வைத்து இத்தகைய பயிற்சியைப் பரப்பினார். பிற்காலத்தில் அதே நாட்டின் பேச்சு சிகிச்சையாளர் மார்கெட்டா சிஹ்வோ நெகிழும் சிலிக்கான் குழாயை வைத்துச் செய்தார். ஸ்ட்ராவை உலகமெங்கும் கொண்டுபோனதில் இங்கோ டிட்ஸெ என்ற குரல் அறிவியலாளரின் பங்கு பெரிது. எனக்கு இந்தப் பயிற்சி பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தம் கட்டினால் குமிழி நின்றுவிடும். உங்கள் கண்ணெதிரிலேயே தெரிந்துவிடும். உண்மையைச் சொல்ல நான் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

இரண்டு மூன்று நாளில் 'ஊ' நிலையாக வந்தபின், தாழ்ந்த குரலிலிருந்து மேலே ஏறி இறங்கிப் பாருங்கள். எட்டாத உச்சத்துக்குப் போக வேண்டாம். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், நாளைக்கு ஐந்து அல்லது ஆறு தடவை. மொத்தம் பத்து, பன்னிரண்டு நிமிடம்தான். ஆனால் அது நாள் முழுவதும் சிதறிக் கிடக்க வேண்டும். பழக்கத்தை மாற்ற அடிக்கடி நினைவூட்டுவதுதான் உதவும். தலை சுற்றினால் நிறுத்தி இயல்பாக மூச்சு விடுங்கள். தண்ணீரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், ஸ்ட்ராவைக் கழுவி வையுங்கள்.

ஒவ்வொரு தடவையும் முடிந்தவுடன் ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, அதே உதட்டு வடிவத்திலேயே 'ஊ...' என்று ஒருமுறை சொல்லி, அதிலிருந்து ஒரு சொல்லுக்குள் வழுக்கிச் செல்லுங்கள்: பூ, நூல், மூன்று. பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். அப்புறம், "ஸ்ட்ராவில் நன்றாக வருகிறது, பேசினால் வரவில்லை" என்று வருத்தப்படுவார்கள்.

இரண்டாவது பயிற்சியை நீங்கள் தினமும் தெரியாமல் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். யாராவது கதை சொன்னால் 'ம்' கொட்டுவோம் இல்லையா? அந்த 'ம்' ஒலியில் யாரும் தம் கட்டுவதில்லை. வாய் மூடியிருக்கும், பற்களுக்கு இடையில் கொஞ்சம் இடம் இருக்கும், குரல் தன் இயல்பான உயரத்தில் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு 'ம்' கொட்டுங்கள். அதையே கொஞ்சம் நீட்டுங்கள். உதட்டிலும் மூக்கின் பக்கங்களிலும் வண்டு முரலுவது போல ஓர் அதிர்வு தெரியும். விரல் நுனியை மூக்கின் பக்கத்தில் வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தொண்டையில் எதுவுமே தெரியக் கூடாது. தொண்டை 'நான் இருக்கிறேன்' என்று சொன்னால் ஒலியைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

அதிர்வு கிடைத்ததும் வாயைத் திறங்கள்: 'ம்ம்ம்மா', 'ம்ம்ம்மீ', 'ம்ம்ம்மோ'. பிறகு சொற்கள். நம் மொழியில் மெல்லினம் என்று ஒரு வரிசையையே வைத்திருப்பது இந்த வேலைக்குக் கொள்ளை லாபம். மணி, மானம், மௌனம், நாணம். அடுத்தபடியாக 'மாமன் மனமும் மாமி மனமும்' போன்ற தொடர்கள். பொருள் பார்க்காதீர்கள், மூச்சு முடியும் வரை உதட்டின் ரீங்காரம் அறாமல் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மெல்லினத்தில் கை வந்த பிறகு இடையினம், கடைசியாக வல்லினம். 'தட்டு', 'பட்டம்', 'கட்டணம்' போன்ற சொற்களுக்கு மூன்றாவது வாரத்துக்கு முன் போக வேண்டாம்.

இரண்டு பயிற்சியின்போதும் ஒரு சோதனை செய்யுங்கள். கட்டை விரலைத் தாடைக்கு அடியில், எலும்புக்குப் பின்னாலுள்ள மிருதுவான பகுதியில் வையுங்கள். ஒலி எழும்போது அந்த இடம் கல்லாக இறுகினால் நாக்கின் வேர் வேலையில் தலையிடுகிறது. தாடையைத் தளர்த்தி, நாக்கைக் கீழ்ப் பல் வரிசையில் சாய்த்துவிட்டு மீண்டும் செய்யுங்கள்.

கழுத்தைப் பிடித்துவிடுவது பற்றியும் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அது நல்ல சிகிச்சை. பேச்சு சிகிச்சை வல்லுநர் அர்னால்ட் அரான்சன் விவரித்து, அதே துறையின் நெல்சன் ராய் போன்றவர்கள் ஆராய்ந்து வளர்த்தது. மேலே ஏறி நிற்கும் குரல்வளையைப் பயிற்சி பெற்ற விரல்கள் மெல்லக் கீழே இறக்கும்போது, அதே அமர்வில் குரல் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் அதை முதல்முறை சிகிச்சையாளர் கையால் செய்துகொள்ளுங்கள். கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் ஓடுகின்றன. வீடியோ பார்த்து அங்கே அழுத்த வேண்டாம். இப்போதைக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தோள்களைத் தளரவிடுங்கள், அது போதும்.

'ஆழமாக மூச்சிழுங்கள்' என்ற அறிவுரையை நான் தருவதில்லை. சொன்ன மாத்திரத்தில் தோள் இரண்டும் காதுக்கு ஏறும். உங்களிடம் காற்றுப் பற்றாக்குறை இல்லை. ஒரே மூச்சில் மூன்று வாக்கியம் சொல்லி முடிக்கும் அவசரம்தான் இருக்கிறது. காற்புள்ளி வரும் இடத்தில் வாயை லேசாகத் திறந்து நிறுத்துங்கள். காற்று தானே வந்து நிரம்பும்.

இனி எல்லாவற்றையும்விடக் கடினமான பகுதி: பயிற்சியில் வந்த குரலை அலுவலக மேசைக்குக் கொண்டுபோவது. முதல் வாரம் ஒரே ஒரு சொல்லை மட்டும் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். 'வணக்கம்.' நல்ல வேளையாக அது வகரத்தில் தொடங்குகிறது. உதடு மெல்லச் சேர்ந்து திறக்கும் எழுத்து, முடிவில் ஒரு 'ம்' வேறு. ஒவ்வோர் அழைப்பிலும் அந்த ஒரு சொல் ரீங்காரத்தோடு வரட்டும். மற்றதையெல்லாம் எப்படி வருகிறதோ அப்படியே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் உயிரெழுத்தில் தொடங்கும் வாக்கியங்கள். 'எப்படி உதவ வேண்டும்?', 'உங்கள் எண்ணைச் சொல்லுங்கள்', 'ஒரு நிமிடம்'. உங்கள் வேலையில் இவைதான் நூறு முறை வரும். இறுகிய தொண்டை டக்கென்று வெட்டிக்கொண்டு தொடங்குவதும் இவற்றில்தான். கையைத் தொண்டையில் வைத்து 'எப்படி' என்று சொல்லிப் பாருங்கள், ஒரு சின்ன அடி தெரியும். கேட்பவர் காதுக்கு எட்டாத ஒரு ஹகரக் காற்றை முன்னால் விட்டுத் தொடங்கினால் அந்த அடி மறையும். பேச்சில் 'எ' என்பதற்கு முன் மெலிதாக ஒரு யகரமும் 'ஒ' என்பதற்கு முன் ஒரு வகரமும் இழைவது நம்மிடம் உள்ள பழக்கம். உச்சரிப்புச் சுத்தம் பார்க்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், குரல் தேறும் வரை அந்த இழைவை விரட்டாதீர்கள்.

சத்தமான அறையில் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் விளக்கியது இது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. வெறும் மன உறுதியால் இதை வெல்வது கடினம். அதனால் சூழலை மாற்றுங்கள். ஒலிவாங்கி உதட்டுக்கு அருகில் இருக்கட்டும். உங்கள் குரல் உங்களுக்கே காதொலிப்பானில் கேட்கும் வசதி இருந்தால் அதைக் கூட்டிவைக்கச் சொல்லுங்கள். தன் குரல் நன்றாகக் கேட்கும்போது நாம் தானாகக் குறைத்துப் பேசுவோம். கணினித் திரையை நோக்கி முகவாயை நீட்டிக்கொண்டு பேசுவதையும் கவனியுங்கள். தம்ளரும் ஸ்ட்ராவும் மேசையிலேயே இருக்கட்டும்.

தண்ணீர் குடியுங்கள். ஆனால் குடிக்கும் தண்ணீர் குரல் நாண்களைக் கழுவிக்கொண்டு போவதாக நினைக்க வேண்டாம். அங்கே ஒரு சொட்டுப் போனாலும் புரையேறிவிடும். அது உடல் வழியாகச் சுற்றித்தான் அங்கே போய்ச் சேரும். தொண்டையைச் செருமும் பழக்கம் உங்களுக்கு நிச்சயம் இருக்கும். இருக்காதவரை இந்த நோயில் நான் பார்த்ததே அரிது. செருமத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள், இல்லையென்றால் ஒரு 'ம்' கொட்டுங்கள்.

பயிற்சிக்குப் பிறகு குரல் முன்பைவிடக் கரகரத்தாலோ வலித்தாலோ எங்கோ தள்ளுகிறீர்கள், நேரத்தைப் பாதியாக்குங்கள். இந்தப் பதிலைப் படித்துவிட்டு மற்ற வாசகர்கள் உடனே ஸ்ட்ராவைத் தேட வேண்டாம். உங்களை மருத்துவர் உள்ளே பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் கரகரப்பை யாராக இருந்தாலும் முதலில் குரல்வளையைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். புகைப்பவர்கள், கழுத்தில் கட்டி இருப்பவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள், சளியில் இரத்தம் காண்பவர்கள் நான்கு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மூச்சு விடவே திணறினால் அன்றே போக வேண்டும். இந்த ஆறு வாரத்துக்குள் இப்படி ஏதாவது புதிதாகத் தோன்றினால் நீங்களும் மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.

எவ்வளவு நாளில் சரியாகும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும் என்றுதான் சொல்லியிருப்பேன். சிலருக்குச் சில அமர்வுகள் போதும், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

சிகிச்சையாளரிடம் போவதற்குள் ஒரு வேலை செய்துவையுங்கள். வாரம் ஒருமுறை, காலையில் வேலைக்கு முன்பும் மாலையில் வேலை முடிந்த பின்பும், அதே பத்து வரிகளைக் கைப்பேசியில் படித்துப் பதிவுசெய்யுங்கள். கணவர் பக்கத்தில் இருக்கும்போது பதிவு செய்தால் இன்னும் நல்லது. நடுவில் அவர் ஏதாவது சொல்லி நீங்கள் சிரித்துவிட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிடாதீர்கள். சிகிச்சையாளர் முதலில் கேட்க விரும்புவது அதைத்தான்.